நிரம்பிய குளத்துக்குப் பூச்சியம் காட்டிய டிரைவர்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உம்முடைய கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறீர். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் குளத்து நீர்மட்டம் அளக்கும் சென்சரைப் பொருத்தி, அதற்கு லினக்ஸ் டிரைவரையும் (சென்சரை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரல்) நீரே எழுதியிருக்கிறீர். சோதனை நிரல் சரியான மட்டத்தைக் காட்டுகிறது. இரவிரவாகப் பதிவு செய்ய எழுதிய நிரல் மட்டும் எந்தப் பிழையும் சொல்லாமல் 0 என்றே எழுதிக்கொண்டிருக்கிறது. அதைக் கன்ரோல்-சி அடித்து நிறுத்தினால், அடுத்த முறை ஓட்டும்போது உறைந்துபோய் நிற்கிறது. நிரலைக் கட்டாயமாகச் சாகடிக்கும் கில் மைனஸ் ஒன்பதுக்கும் அசையவில்லை, மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் வழிக்கு வருகிறது. கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்: லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் பிழை வந்தால் ஏன் இந்த மைனஸ் இலக்கங்கள், பேசாமல் பனிக் பண்ணி முழு இயந்திரத்தையும் நிறுத்திவிட்டால் என்ன?

நீர் அனுப்பிய நிரலை வடிவாக வாசித்தேன். முதலாவதில் இருந்தே வருகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. உறைந்துபோன கருவியை யாரும் கவனிப்பார்கள். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சிக்காரருக்கு, குளம் நிரம்பி வான் பாயும் நேரத்தில் 0 காட்டுகிற கருவி என்ன செய்யும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

உம்முடைய பதிவு நிரலில், டிரைவரிடம் இருந்து தரவை வாசிக்கும் றீட் அழைப்பைப் பாரும். மட்டத்தை வைத்திருக்கும் மாறியின் முகவரியைக் கொடுக்காமல் மாறியையே கொடுத்திருக்கிறீர். ஒரேயொரு 'அன்ட்' (&) குறி விடுபட்டுவிட்டது. அந்த மாறியில் இருந்தது 0. ஆகவே "முகவரி 0-இல் 4 பைட் எழுதித் தா" என்று கேர்னலைக் கேட்டிருக்கிறீர். கொம்பைலர் எச்சரித்திருக்கும், நீர் பார்க்கவில்லை. ஜிசிசி கொம்பைலரின் 14-ஆம் பதிப்பில் இருந்து இது எச்சரிக்கை இல்லை, பிழை. உம்முடைய ராஸ்பெரி பையில் பழைய பதிப்பு இருக்க வேண்டும்.

இது பயனர் நிரலின் பிழை. ஆனால் இப்படியான பிழையைப் பிடித்துச் சொல்வது கேர்னலின் வேலை, அங்கேதான் உம்முடைய டிரைவர் காலைவாரிவிட்டது. பயனருக்குத் தரவை அனுப்ப 'கொப்பி டு யூசர்' என்ற செயலியை (ஃபங்ஷனை) அழைத்து, அது தந்த இலக்கத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறீர். கேர்னலில் பெரும்பாலான செயலிகள் பிழைக்கு மைனஸ் இலக்கம் தரும். இது வேறு மாதிரி: எத்தனை பைட்டைக் கொப்பி பண்ண முடியாமல் போனது என்பதைத் தரும். முகவரி 0-இல் எதையும் எழுத முடியாது, 4 பைட்டும் மிச்சம், எனவே விடை 4. நீர் அந்த 4-ஐப் பயனருக்குத் திருப்பினீர். றீட்டைப் பொறுத்தவரை 4 என்றால் "4 பைட் வாசித்தாயிற்று, எல்லாம் நலம்" என்று அர்த்தம். பதிவு நிரல் நம்பிவிட்டது. மாறியில் பழைய 0 இருந்தது, அதையே எழுதியது. முழுத் தோல்வி ஒன்று முழு வெற்றியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறது.

திருத்தம் ஒரு வரி. மிச்சம் ஏதும் இருந்தால் -14, அதாவது ஈஃபோல்ட், திருப்ப வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் மட்டும் 4. இந்தப் பிழையைப் புதிதாக டிரைவர் எழுதுகிற ஆட்கள் மட்டுமல்ல, பழம் தின்று கொட்டை போட்ட ஆட்களும் விட்டிருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதில் ஒரு அழகான விசயமும் இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. முகவரி 0-இல் கேர்னலே எழுதப்போய் அடிபட்டதே, ஏன் முழு இயந்திரமும் விழவில்லை? கொப்பி டு யூசருக்குள் பயனர் நினைவகத்தைத் தொடுகிற ஒவ்வொரு கட்டளையும் ஓர் அட்டவணையில் பதியப்பட்டிருக்கிறது: "இந்த இடத்தில் தடுக்கி விழுந்தால் அந்த இடத்தில் எழும்பு" என்று. பக்கப் பிழை (தொட முடியாத நினைவகத்தைத் தொட்டதால் வரும் தடை) வந்ததும் கேர்னல் அந்த அட்டவணையைத் தேடும். விழுந்த முகவரி அதில் இருந்தால் எழும்ப வேண்டிய இடத்துக்குத் தாவி, மிச்சத்தைக் கணக்கிட்டுத் திரும்பும். இல்லாவிட்டால் அது கேர்னலின் சொந்தப் பிழை, அதை ஊப்ஸ் என்பார்கள். பயனர் தந்த முகவரியை "முதலில் சரிபார்த்துவிட்டுப் பிறகு எழுதுகிறேன்" என்று நினைக்காதையும். பார்த்த கணத்துக்கும் எழுதுகிற கணத்துக்கும் இடையில் இன்னொரு திரெட் (அதே நிரலுக்குள் கூடவே ஓடும் இழை) அந்தப் பக்கத்தையே கழற்றிவிடலாம். எழுதிப் பார்த்து, விழுந்தால் கௌரவமாக எழும்புவதுதான் இங்கே வழி.

மைனஸ் இலக்கத்துக்கு வருகிறேன். சிஸ்டம் கோல் (றீட் போல நிரல் கேர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) முடிந்து பயனர் பக்கம் திரும்பும்போது கையில் கொண்டுபோக ஒரேயொரு ரெஜிஸ்டர்தான் (புரோசசருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) இருக்கிறது. உம்முடைய 64 பிட் பையில் அது எக்ஸ்0. வெற்றியும் அதில்தான், தோல்வியும் அதில்தான். லினக்ஸ் செய்துகொண்ட ஒப்பந்தம் இது: -1 இல் இருந்து -4095 வரை வந்தால் பிழை, மற்றதெல்லாம் விடை. சி நூலகம் அதைப் பார்த்து, மைனஸைப் பிளஸ்ஸாக மாற்றி எர்நோ என்ற மாறியில் போட்டுவிட்டு, நிரலுக்கு -1 ஐக் கொடுக்கும். ஆகவே எர்நோ என்பது கேர்னலுக்குள் இல்லவே இல்லை. அதை அங்கே தேடின மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். பழைய யுனிக்ஸ் பிடிபி-11 இயந்திரத்தில் வேறு வழி வைத்திருந்தது: பிழை என்றால் புரோசசரின் 'கரி' என்ற ஒற்றை பிட் குறியை ஏற்றிவிட்டு இலக்கத்தை ரெஜிஸ்டரில் வைக்கும். யுனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இன்றும் இன்டெல் வகை இயந்திரங்களில் அதையே செய்கிறது, உள்ளே பிழை இலக்கங்கள் பிளஸ்ஸாகவே ஓடும். ஆகவே மைனஸ் என்பது வேதவாக்கு இல்லை, லினக்ஸின் வழக்கம்.

4095 என்ற எல்லைக்கும் காரணம் உண்டு. பல கேர்னல் செயலிகள் முகவரியைத் திருப்பும். முகவரி வெளியின் கடைசிப் பக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் விட்டு, அங்கே விழும் இலக்கங்களைப் பிழை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு முகவரிக்குள்ளேயே "கிடைக்கவில்லை, காரணம் 12" என்று ஒளித்து அனுப்பலாம். ஆனால் நீர் அழைக்கும் செயலி தோற்றால் 'நல்' (NULL, அதாவது 0) முகவரியைத் தருமா, பிழை முகவரியைத் தருமா என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்தே ஆக வேண்டும். 'நல்' மட்டும் என்று சோதித்தால் பிழை முகவரி தப்பி உள்ளே போகும், பிறகு எங்கேயோ வெடிக்கும்.

இரண்டாவது பிரச்சினை, உறைவது. இதற்குக் கமக்காரர் பாசையில் ஓர் உதாரணம் சொன்னால் கெதியாக விளங்கும். காலபோகம் வெட்டி 30 மூட்டை நெல்லை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொள்வனவு செய்யும் இடத்துக்குக் கொண்டு போகிறீர். இறக்கியாயிற்று, தராசில் வைத்தாயிற்று, பிறகுதான் ஈரப்பதம் பார்க்கிறார்கள்: 14 வீதத்துக்கு மேல். "எடுக்க ஏலாது." சரி, அது அவர்களின் விதி. ஆனால் எடுக்க ஏலாது என்று சொன்ன பிறகு மூட்டை தராசில் கிடக்கக்கூடாது, வாசல் படலை பூட்டிக் கிடக்கக்கூடாது, உம்முடைய பெயர் கொப்பியில் கிடக்கக்கூடாது. 30 மூட்டையும் திரும்ப லாண்ட்மாஸ்டரில் ஏறி, அடுத்த ஆளுக்கு வழி விட்டிருக்க வேண்டும். (ஈஃபோல்டும் 14, ஈரப்பதமும் 14. தற்செயல்தான்.)

உம்முடைய டிரைவர் படலையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறது. றீட் வந்ததும், ஒரு நேரத்தில் ஓர் ஆளை மட்டும் உள்ளே விடும் மியூடெக்ஸ் பூட்டை எடுக்கிறீர். சென்சரில் புது அளவீடு வரும்வரை தூங்குகிறீர். கன்ரோல்-சி சிக்னல் வந்து தூக்கம் கலைகிறது. அந்த இடத்தில் உடனே பிழையைத் திருப்பி வெளியேறுகிறீர். பூட்டு? அது எடுத்தபடியே இருக்கிறது, எடுத்த நிரலோ செத்துவிட்டது. பயனர் நிரல் சாகும்போது கேர்னல் அதன் கோப்புகளை மூடும், நினைவகத்தைத் திரும்ப எடுக்கும், ஆனால் டிரைவர் தன் கையால் போட்ட பூட்டைத் திறக்காது. அடுத்த முறை வருகிற நிரல் அதே பூட்டுக்காகச் சிக்னல் கேட்காத தூக்கத்தில் காத்திருக்கிறது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் அதன் நிலை டி என்று தெரிந்திருக்கும். கில் மைனஸ் ஒன்பது வேலை செய்யாதது அதனால்தான். கேர்னல் பதிவில் 120 செக்கனுக்கு மேல் அடைபட்டிருக்கிறது என்று ஒரு முறைப்பாடும் வந்திருக்கும், பார்த்திருக்க மாட்டீர்.

கேர்னல்காரர் இதற்குக் கோட்டூ (குறித்த வரிக்கு நேரே தாவும் கட்டளை) பாவிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கோட்டூ கூடாது என்று படித்திருப்பீர். அந்தப் பாடத்தை இந்த வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாரும். உம்முடைய றீட் செயலியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்க வேண்டும்:

நினைவகம் எடு. கிடைக்காவிட்டால் -12 உடன் அப்படியே திரும்பு.
பூட்டை எடு. சிக்னல் வந்தால் விடையைக் குறித்துக்கொண்டு 'நினைவகம்விடு'வுக்குப் போ.
அளவீடு வரும்வரை காத்திரு. சிக்னல் வந்தால் விடையைக் குறித்துக்கொண்டு 'பூட்டுவிடு'வுக்குப் போ.
பயனருக்குக் கொப்பி பண்ணு. மிச்சம் இருந்தால் விடை -14, இல்லாவிட்டால் விடை 4.
பூட்டுவிடு: பூட்டைத் திற.
நினைவகம்விடு: நினைவகத்தைத் திருப்பிக் கொடு.
விடையைத் திருப்பு.

கீழே இருக்கிற இரண்டு படிகளையும் பாரும். எடுத்த ஒழுங்குக்கு நேர் எதிராக விடுகிறோம். எவ்வளவு தூரம் ஏறினோமோ அந்தப் படியில் இருந்துதான் இறங்குகிறோம், வெற்றியும் அதே படியால்தான் இறங்குகிறது. நடுவில் எங்கேயும் தனியாகத் திரும்பக்கூடாது; உம்முடைய பிழை அந்த ஒரு வரிதான். (பூட்டை வைத்துக்கொண்டு தூங்குவதே எனக்குப் பிடிக்கவில்லை; தூக்கத்தை வெளியே வைத்து, அளவீட்டை எடுக்கும் கணத்துக்கு மட்டும் பூட்டினால் இன்னும் நல்லது. அது வேறு கதை.) 2023-இல் வந்த 6.5 பதிப்பில் இருந்து, செயலியை விட்டு வெளியேறும்போது பூட்டைத் தானாகத் திறக்கும் வசதியும் கேர்னலில் இருக்கிறது. ஆனால் முதல் டிரைவரைக் கையாலேயே எழுதும். கை பழகினால்தான் எது எப்போது விடப்படுகிறது என்று கண் தேடும்.

சிக்னல் வந்த இடத்தில் என்ன இலக்கத்தைத் திருப்புவது? நீர் ஈஇன்டர், அதாவது -4, போட்டிருக்கிறீர். பிழை இல்லை, ஆனால் வழக்கம் -512. ஈரீஸ்டார்ட்சிஸ் என்று பெயர். இது பயனரின் கண்ணில் படவே கூடாத இலக்கம். கேர்னலின் சிக்னல் பகுதிக்கு நீர் அனுப்புகிற ரகசியக் குறிப்பு: "நான் பாதியில் எழும்பிவிட்டேன், என்ன செய்வது என்று நீயே பார்." பயனர் அந்தச் சிக்னலுக்குக் கையாளி (சிக்னல் வந்தால் ஓடும் செயலி) வைத்து, எஸ்ஏ ரீஸ்டார்ட் என்ற கொடியையும் போட்டிருந்தால், கையாளி ஓடி முடிந்ததும் றீட் தானாகத் திரும்பத் தொடங்கும். கொடி இல்லாவிட்டால் அப்போதுதான் பயனருக்கு ஈஇன்டர், அதாவது 4, ஆக மாறிப் போகும். எதைச் செய்வது என்று முடிவெடுக்க டிரைவருக்கு அறிவு போதாது, அதனால் அந்த முடிவை எடுக்காதையும். ஆனால் சிக்னல் எதுவும் வராத இடத்தில் -512 திருப்பினால் மாற்றுவதற்கு யாரும் இல்லை, பயனரிடம் 512 என்ற புரியாத இலக்கம் போய்ச் சேரும்.

பாதி வேலை முடிந்த பிறகு பிழை வந்தால்? நெல்லுக்கே திரும்பப் போவோம். 30 இல் 20 மூட்டை எடுத்தபின் களஞ்சியம் நிரம்பிவிட்டது என்றால், 20-க்குப் பற்றுச்சீட்டு எழுதித் தர வேண்டும். மிச்சத்தைக் கொண்டு திரும்ப வரும்போதுதான் "இடம் இல்லை." றீட்டும் றைட்டும் அப்படியே: கொஞ்சமாவது முடிந்திருந்தால் முடிந்த எண்ணிக்கையைத் திருப்பு, பிழையை அடுத்த அழைப்பில் சொல். அதற்குப் பதிலாகப் பிழையைத் திருப்பினால் பயனர் 30-ஐயும் மறுபடி அனுப்புவார், 20 இரட்டிப்பாகும்.

0 என்ற விடையிலும் கவனம். சென்சர் வயர் அறுந்து தரவு வரவில்லை என்ற இடத்தில் நீர் 0 திருப்பியிருக்கிறீர். றீட்டில் 0 என்றால் கோப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். வயரை எலி கடித்திருந்தால் -5, ஈஐஓ. நேரம் கடந்தும் சென்சர் பதில் சொல்லவில்லை என்றால் -110. பழைய அளவீட்டையே திரும்பக் கொடுத்துச் சமாளிப்பது எல்லாவற்றிலும் மோசம்.

எந்த இலக்கத்தைத் தேர்வது என்பதில் எழுதாத சட்டங்கள் நிறைய. ஐஒக்டில் (கருவிக்கு விசேட கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாகத் தெரியாத கட்டளை வந்தால் ஈஇன்வால் (செல்லாத மதிப்பு) இல்லை, ஈநோடிடிவை, 25. பெயரைப் பார்த்தால் தட்டச்சு முனையம் இல்லை என்று வரும். யுனிக்ஸின் சிறுவயதுப் பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தரம் தேர்ந்து வெளியிட்ட இலக்கத்தைப் பிறகு மாற்றுவதும் லேசில் நடக்காது. 2012 டிசெம்பரில் லினக்ஸின் மீடியா பகுதியில் வந்த ஒரு திருத்தத்தால் ஓர் ஐஒக்டில் அழைப்பு ஈநோஎன்ட் ('அப்படி ஒரு கோப்பு இல்லை') திருப்பத் தொடங்கியது. பயனர் நிரல்கள் உடைந்தன. கேர்னல் சரி, நிரல்தான் பிழை என்று பராமரிப்பாளர் பக்கம் வாதம் வர, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய பதில் இன்றும் பேசப்படுகிறது: பயனர் நிரலை உடைக்கிற மாற்றம் எதுவானாலும் அது கேர்னலின் பிழைதான், ஐஒக்டிலுக்கு ஈநோஎன்ட் பொருந்தவும் பொருந்தாது. மொழி கரடுமுரடு, ஆனால் விசயத்தில் நான் அவர் பக்கம்.

பனிக் பற்றி. வேண்டாம். உம்முடைய செயலிக்குப் பயனர் தவறான முகவரி தந்தார் என்பதற்காக முழு இயந்திரத்தையும் விழுத்தினால், எந்தப் பயனரும் எந்த நேரமும் உம்முடைய இயந்திரத்தை விழுத்தலாம். பனிக் ஆன பை, அமைப்பில் நேரம் எதுவும் குறிக்காவிட்டால், தானாக மீளத் தொடங்காது. யாரோ மழைக்குள் மோட்டார் சைக்கிளில் அணைக்கட்டுக்குப் போக வேண்டும். கேர்னலின் சொந்தத் தரவு கெட்டுவிட்டது, இனித் தொட்டால் வட்டில் இருப்பதும் கெடும் என்ற நிலைக்குத்தான் அது. பிழை வரும் ஒவ்வொரு தடவையும் கேர்னல் பதிவில் எழுதுவதும் கூடாது. பயனர் ஒரு சுற்றில் போட்டு அழைத்தால் பதிவு நிரம்பி வழியும், அந்தச் சத்தத்துக்குள் உண்மையான செய்தி மூழ்கிப்போகும். இலக்கத்தைத் திருப்பும், போதும்.

பதிவு நிரலுக்கும் ஒன்று. எழுதிய தரவு எஸ்டி அட்டையில் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று அறிய எஃப்சிங்க் அழைக்கிறீர், நல்லது. ஆனால் அது -1 தந்தால் திரும்ப ஒருக்கால் அழைத்துப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறீர். அதை எடும். எழுத முடியாமல் போன பக்கங்களைக் கேர்னல் "எழுதியாயிற்று" என்று குறித்துவிடக்கூடும். இரண்டாவது அழைப்பு வெற்றி என்று சொல்லும், தரவு இருக்காது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரரே இதை 2018-இல்தான் கண்டு திகைத்தார்கள். அடுத்த ஆண்டில் இருந்து எஃப்சிங்க் தவறினால் தரவுத்தளத்தை நிறுத்தி, பதிவேட்டில் இருந்து மீட்கும்படி மாற்றினார்கள். மின்வெட்டுக்குப் பழகின எங்கட எஸ்டி அட்டைகளில் இது என்றோ ஒருநாள் வரும். குளோஸ் அழைப்பு ஈஇன்டர் தந்தாலும் திரும்ப அழைக்காதையும்; லினக்ஸில் கோப்பு ஏற்கனவே மூடப்பட்டுவிட்டது, அந்தக் கோப்புக்குரிய இலக்கம் இப்போது வேறொரு திரெட்டின் கோப்பாக இருக்கலாம்.

இனிச் சோதனை. பிழைப் பாதைகள் ஓடாத பாதைகள், அதனால்தான் அங்கே பற்றை வளர்கிறது. சின்ன அளவில் நினைவகம் கேட்டால் கேர்னல் அநேகமாகக் கொடுத்தே தீரும், ஆகவே உம்முடைய -12 பாதை வருடக்கணக்கில் ஒரு தடவையும் ஓடாமல் இருக்கலாம். கேர்னலைக் கட்டும்போது பிழை புகுத்தும் வசதியைப் போட்டுக் கட்டும். பெயில்-என்த் என்ற கோப்பில் 1 எழுதினால் முதல் கோரிக்கை தோற்கும், 2 எழுதினால் இரண்டாவது. ஒன்றில் இருந்து ஏறிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் இரண்டாவது றீட் உறையாமல் திரும்புகிறதா என்று பாரும்.

பயனர் பக்கத்துக்குக் கேர்னலைத் திரும்பக் கட்டத் தேவையில்லை. ஒரு நிரலின் சிஸ்டம் கோல்களைக் கவனிக்கும் எஸ்ட்ரேஸ் என்ற கருவிக்கு இன்ஜெக்ட் என்ற விருப்பம் உண்டு: றீட்டின் மூன்றாவது அழைப்பை மட்டும் ஈஐஓ என்று திருப்பச் சொல்லலாம். நிரல் தொடங்கும்போது நூலகங்களை ஏற்றவும் றீட் நடக்கும், அதனால் எத்தனையாவது என்பதை ஒருக்கால் சும்மா ஓட்டி எண்ணிவிட்டுப் போடும். பிறகு பதிவுக் கோப்பைத் திறந்து அந்த நிமிடத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாரும். அங்கே இன்னும் 0 நின்றால் டிரைவரை விடும், பிழை இப்போது பதிவு நிரலில்.